ஒற்றைக் கையெழுத்து

“இந்த மெஷின் பொய் சொல்லுதுங்க, டீச்சர்” என்றார் சென்னியப்பன்.

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. ஒரு சார்ஜர் முனைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

“எப்படிச் சொல்றீங்ணா?”

“பிராசஸர் தொண்ணூறு சதம் ஓடுதுன்னு மேல காட்டுது. கீழ லிஸ்ட்ல இருக்கற புரோகிராமை எல்லாம் கூட்டிப் பார்த்தா பதினஞ்சு கூட வர்ல. மீதி எழுபத்தஞ்சை யாரு தின்னாங்க? கேட்டாக் கம்முனு இருக்குது.”

“அது கம்முனு இருக்குதா, நீங்க கேக்கலையா?”

சென்னியப்பன் மீசையைத் தடவினார். பதில் தெரியாத நேரத்தில் அவருடைய கை தானாகவே அங்கே போய்விடும்.

உடுமலைப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது சௌடாம்பிகா கம்ப்யூட்டர்ஸ். பதினாறு படி ஏற வேண்டும். கடைக்காரியின் பெயரும் சௌடாம்பிகாதான். வயது முப்பத்துநாலு. பாலிடெக்னிக்கில் ஆறு வருஷம் லேப் பார்த்தவர் என்பதால் ஊருக்கே டீச்சர்.

சிஷ்யருக்கு வயது நாற்பத்தைந்து. ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இங்கே சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது.

தன்னைவிடப் பதினோரு வயது இளையவளிடம் பாடம் கேட்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். காதும் அவருக்கு நன்றாகவே கேட்கும். கேட்கத்தான் நேரம் இருக்காது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு.

பழுது பார்த்த ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேதி, கோளாறு, கையெழுத்து. வேலை கற்றுக்கொள்கிறவர் மேலே கையெழுத்துப் போடுவார். டீச்சர் சரிபார்த்துக் கீழே போடுவார். டீச்சர் கீழே போடாமல் விடுகிற நாள் வந்தால், அன்றைக்குச் சிஷ்யர் மெக்கானிக்.

சொல்லி அறிவிப்பதெல்லாம் கிடையாது. அந்த ஒற்றைக் கையெழுத்துதான் பட்டம்.

இதுவரை இரண்டே பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி மரியபுஷ்பம். தாராபுரத்தில் தனிக்கடை வைத்திருக்கிறாள். தன் முதல் ஒற்றைக் கையெழுத்து ஒட்டிய பழைய லேப்டாப்பைத் தேடிப் பிடித்து வாங்கி, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. எங்கள் ஊருக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

சென்னியப்பன் பதினோரு மாதமாக அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப வந்தது யாரு மெஷின்?” என்று கேட்டார் டீச்சர்.

“தமயந்தின்னு ஒரு அம்மிணிங்க. குறிச்சிக்கோட்டை. கண்ணு தெரியாது. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு ஏதோ வேலைக்கு இன்டர்நெட்ல பரீட்சையாம். ஒண்ணரை பஸ்ஸுக்குப் போகோணுமாம். மணி இப்பவே பதினொண்ணு. அதனால ஃபார்மட் அடிச்சு, எல்லாத்தையும் புதுசாப் போட்டுரலாமுங்க.”

டீச்சர் கையை நீட்டினார். சென்னியப்பன் சீட்டைக் கொடுத்தார். வருகிறவர் சொல்வதை எழுதும் சீட்டு. அதில் இரண்டே சொல் இருந்தது.

ஹேங். ஃபார்மட்.

“ஹேங்குங்கறது நீங்க எழுதினது. அவங்க என்ன சொன்னாங்க?”

“அதேதானுங்க.”

“அவங்க சொன்னதைக் கேட்டுட்டு வாங்க.”

சென்னியப்பன் வெளியே வந்தார்.

பெஞ்சில் தமயந்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மடக்கிய வெள்ளைக் கோல். பக்கத்தில், சென்னியப்பன் பார்த்துவிட்டுத் திறந்தபடியே வைத்துப்போன லேப்டாப். அதன் விசிறி இரைந்துகொண்டிருந்தது. திரையில் இருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்லும் குரல் ஒவ்வொரு சொல்லிலும் திக்கியது.

“அம்மிணி!” என்று சென்னியப்பன் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். “என்ன பிரச்சினைன்னு மறுக்காச் சொல்லுங்க!”

“சார், எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாவே கேக்கும்.”

சென்னியப்பன் குரலை இறக்கினார்.

“வீட்டுல இருக்கறப்ப விசிறி பேய் மாதிரி இரையுது, சார். குரல் திக்குது. ஆனா பஸ்ஸுல வர்றப்ப...”

“விசிறியா? அப்ப தூசிங்க. தூசி அடைச்சா இப்படித்தான் சூடாகும். விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

லேப்டாப்பை உள்ளே எடுத்துப்போய்ப் புளோயரால் ஊதினார். ஊதுவதற்காகத் திருப்பியபோதுதான் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்.

தேதி பதினாலு, போன மாதம். கோளாறு: கீபோர்டில் எம் பட்டன். கையெழுத்து: செ.

கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை.

சென்னியப்பன் சட்டென்று பெருவிரலால் ஸ்டிக்கரை மூடிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஈயத்திலேயே கண்ணாக இருந்தார்.

போன மாதம் பதினாலாம் தேதி டீச்சர் ஒரு கல்யாணத்துக்காகச் சத்தியமங்கலம் போயிருந்தார். வேலை முடிந்த மெஷின்கள் அவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். இதை வாங்க வந்த தமயந்தியின் தம்பிக்கு அவசரம். சென்னியப்பனுக்கு அதைவிட அவசரம். தனியாகக் கையெழுத்துப் போட்டு, தனியாக ஒட்டி, தனியாகக் கொடுத்து அனுப்பினார். ஒரே ஒரு ஸ்டிக்கர்தான். அன்றைக்குப் பதினாறு படியையும் மிதக்கிற மாதிரி இறங்கினார்.

அது இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

லேப்டாப்பை நேராகத் திருப்பி மேஜையில் வைத்தார்.

“தூசி இல்லீங்க, டீச்சர்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“விசிறி இரையுதாமுங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதானுங்க.”

“சொல்லி முடிச்சிட்டாங்களா?”

சென்னியப்பன் மறுபடி வெளியே போனார்.

“அம்மிணி, வேற ஏதாச்சும் சொல்லோணுமா?”

“ரெண்டு விஷயம் சார். முதல்ல, ஃபார்மட் மட்டும் பண்ணீராதீங்க. இந்தக் குரலுக்கு நாலு வருஷமா நான்தான் ஊர்ப்பேரெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். குறிச்சிக்கோட்டையை ஒழுங்காச் சொல்ல வைக்கவே...”

“அதெல்லாம் பேக்கப் எடுத்துக்கலாமுங்க.”

“இப்படித்தான் முன்னாடி ஒரு கடையில சொன்னாங்க. எடுத்தாங்க, திரும்பி வரல. நாலு மணிக்கு நடக்கற பரீட்சையே காதுக்குத்தான் சார். பாடப் புத்தகத்தைப் பேசிப் பதிவு பண்றாங்க. அதைக் கேட்டு எங்க தப்புன்னு சொல்ற வேலை. உடுமலைத் தாலூக்காவுல என் காது மாதிரி இன்னொரு காது கிடையாது. ஆனா இது திக்குனா நான் என்னத்தைக் கேட்டு என்னத்தைச் சொல்ல?”

“திக்காது. வைரஸா இருக்கும், பாத்தர்றேன்.”

“சார், ரெண்டாவது விஷயம். இந்தச் சத்தம் எப்ப வருதுன்னா...”

“வைரஸ்தானுங்க. இதே மாதிரி எத்தனை பாத்திருக்கேன்!”

ஆன்ட்டிவைரஸ் முக்கால் மணி நேரம் ஓடியது. ஒரு பூச்சி, புழுகூடக் கிடைக்கவில்லை. விசிறி மட்டும் ஓயாமல் இரைந்தது. மணி பன்னிரண்டே கால்.

சென்னியப்பன் டீச்சர் முன்னால் வந்து நின்றார். நெற்றி வேர்த்திருந்தது.

“ஃபார்மட்தானுங்க வழி.”

டீச்சர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார். பழைய ரேம் கார்டுகள் நிறைந்த டப்பா.

“இதுல எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்ணா.”

“இப்பவா? பஸ் ஒண்ணரைக்குங்க!”

“எண்ணுங்க.”

ராணுவத்தில் இருந்தவருக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான். உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரை வந்தார்.

டீச்சர் ஸ்குரூடிரைவரால் மேஜையைத் தட்டினார். டொக்.

“சென்னியண்ணா.”

“சொல்லுங்க, டீச்சர்.”

“ஒண்ணுமில்லீங்ணா.”

ஏழா, எட்டா? முதலிலிருந்து ஆரம்பித்தார். ஐந்து வந்தது.

டொக். “சென்னியண்ணா.”

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல.”

மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. டொக். “சென்னியண்ணா.” கையில் இருந்ததைக் கீழே வைத்து நிமிர்ந்தார். ஒண்ணுமில்ல. எடுத்தார். டொக். வைத்தார். எடுத்தார். டொக்.

பத்து நிமிஷம் இந்தக் கூத்து நடந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. கூப்பிடுகிறவர் குரு.

கடைசியில் சென்னியப்பன் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?”

“எத்தனை எண்ணினீங்ணா?”

“எங்க எண்ண விட்டீங்க? ஒண்ணு கூட இல்ல.”

“அப்ப சும்மா இருந்தீங்களா?”

“சும்மாவா? ஒரு நிமிஷம் சும்மா இருக்கலீங்க! வேர்த்து ஊத்துது பாருங்க. முழுசா வேலை செஞ்சிருக்கேன், ஆனா ஒரு வேலையும்...”

நிறுத்தினார்.

விசிறி இரைந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் மெல்லத் திரும்பி அந்த லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு பாய்ந்துபோய் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

புரோகிராம்களின் பட்டியலை முழுவதும் கீழே இறக்கினார். அடியில் ஒரு வரி இருந்தது. அது எந்தப் புரோகிராமின் பெயரும் இல்லை. கணினியின் உறுப்புகளில் ஏதாவது ஒன்று ‘இங்கே பார்’ என்று பிராசஸரைக் கூப்பிடும்போது, அதற்குப் பதில் சொல்லப் போகிற நேரத்தின் கணக்கு. எல்லா மெஷினிலும் அது அரையோ ஒன்றோ இருக்கும். நிறுத்த முடியாத வரி என்பதால் அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. கூட்டலில் சேர்த்ததும் இல்லை.

எழுபத்தாறு சதம் என்று இருந்தது.

“டீச்சர், இது பொய் சொல்லலீங்க. இதை யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.”

“யாரு?”

“தெரீலீங்க.”

டீச்சர் ஸ்குரூடிரைவரைப் பெட்டியில் வைத்தார். வாசல் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

சென்னியப்பன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஸ்டூலை இழுத்துத் தமயந்தி எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மிணி, நீங்க சொல்லுங்க.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

சொல்லிவிட்டு வலது கையால் மீசையோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அது தமயந்திக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

அவர் குறுக்கே வருவார் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“வீட்டுல இரையுது. பஸ்ஸுல வர்றப்பக் காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டு வந்தேன், சத்தமே இல்ல, நல்லாப் பேசுச்சு. உங்க படிக்கட்டு ஏறி உள்ள வந்ததும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டுல வைஃபை இருக்கு. பஸ்ஸுல இல்ல. உங்க கடை வைஃபை போன தடவை வந்தப்பவே இதுல ஏறிக்கிச்சு. இன்டர்நெட் கிடைச்சாக் கத்துது, கிடைக்காட்டி கம்முனு இருக்குது. நேத்து வைஃபையை நிறுத்திப் பாத்தேன், உடனே அடங்கிருச்சு. ஆனா அது இல்லாம நான் பரீட்சை எழுத முடியாதே.”

சென்னியப்பன் பொத்திய கையை எடுக்கவில்லை.

“இன்னொண்ணு. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல சார். இங்க எம் பட்டன் மாத்தினதுல இருந்துதான்.”

கை தானாகக் கீழே இறங்கியது.

“இதைத்தான் வந்ததுல இருந்து சொல்லப் பாக்கறேன்” என்றாள் தமயந்தி. “மூணு தடவை.”

சென்னியப்பன் லேப்டாப்பை அங்கேயே மடியில் வைத்துக்கொண்டார். திரையில் வைஃபை கார்டைத் தேடி எடுத்து அதை மட்டும் செயலிழக்க வைத்தார்.

“நின்னிருச்சு” என்றாள் தமயந்தி. அவர் திரையைப் பார்ப்பதற்கு முன்பே.

விசிறி மூச்சு விடுவதுபோல் மெதுவாக இறங்கி ஓய்ந்தது. பிராசஸர் பன்னிரண்டு சதம்.

கார்டுக்குக் கோளாறு இல்லை. அதை ஓட்டுகிற டிரைவர் மென்பொருள்தான் தவறானது. எந்தச் சேதியும் வராதபோதும் கார்டிடம் பிராசஸரைத் தட்டச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த டிரைவரை ஏற்றிய நாளும் அங்கேயே பதிவாகியிருந்தது.

போன மாதம் பதினாலு.

சென்னியப்பன் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறும் அதில் ஒரு பென்டிரைவும் எப்போதும் தொங்கும். உலகத்தில் உள்ள எல்லா டிரைவரிலும் ஆகப் புதியதை அதில் சேர்த்து வைத்திருந்தார். பிரம்மாஸ்திரம் என்று அதற்குப் பெயர். எம் பட்டனுக்காக வந்த மெஷினுக்கும் அன்றைக்கு அதைப் போட்டார். யாரும் கேட்கவில்லை. தனியாகக் கையெழுத்துப் போடப் போகிற முதல் மெஷின் ஆயிற்றே, எல்லாமே புதுசாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டது போல் ஆயிற்று. வேட்டி அவருடையது கூட இல்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருடைய முதுகு இந்த லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

பழைய டிரைவருக்கே திருப்பும் பட்டனை அழுத்தினார். மெஷினை அணைத்து மறுபடி போட்டார். வைஃபையை இணைத்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

விசிறி எழவில்லை.

தமயந்தி லேப்டாப்பை வாங்கி விசைகளைத் தட்டினாள். குரல் ஒரு சொல்லும் திக்காமல் படித்தது. “குறிச்சிக்கோட்டை” என்று அந்த ஊரிலேயே பிறந்த மாதிரி சொன்னது.

அவள் முகம் மலர்ந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். தனக்கு வந்தது சந்தோஷமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

மணி ஒன்று ஐந்து.

“கோளாறு என்னங்க சார்?” என்று கேட்டாள்.

உள்ளே ஈயம் உருகும் சத்தம் நின்றது.

‘வைஃபை டிரைவர்ல கோளாறு’ என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. புது ஸ்டிக்கரில் அதையே எழுதிப் பழையதன் மேல் ஒட்டிவிடலாம். டீச்சர் கீழே கையெழுத்துப் போடுவார். அவளுக்கு ஸ்டிக்கர் தெரியாது. டீச்சருக்குப் பழையது தெரியாது. பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது.

சென்னியப்பன் லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தார். பழைய ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார், வர மறுத்தது. கிழியாமல் எடுத்து, உள்ளே போய் டீச்சரின் மேஜையில் வைத்தார். நேராக நின்றார்.

“இது நான் தனியாப் போட்டதுங்க. நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு.”

டீச்சர் அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“அவங்களுக்குப் பஸ் இருக்குதுங்ணா” என்று சொல்லிப் புது ஸ்டிக்கர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

சென்னியப்பன் எழுத உட்கார்ந்தார். கோளாறு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு குனிந்து, அந்தச் சின்ன இடத்தில் பொடிப்பொடியாக எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

டீச்சர் வாங்கவில்லை.

“எனக்கு எதுக்கு? மெஷின்காரங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.”

சென்னியப்பன் வெளியே வந்தார். தமயந்தி கோலை விரித்துக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள்.

“ஸ்டிக்கருங்களா? போன தடவை என்ன எழுதியிருந்தீங்கன்னு எனக்கு யாரும் படிச்சுக் காட்டல” என்றாள்.

“இப்பப் படிக்கறேனுங்க.”

கையில் இருப்பது தீப்பெட்டி அளவு தாள். எதை வேண்டுமானாலும் படிக்கலாம்.

அவர் குதிகாலைச் சேர்த்து நின்றார். கொடியேற்றும்போது நிற்பதுபோல் நின்றார்.

“தேதி, இன்னைக்கு. கோளாறு: பதினாலாம் தேதி சென்னியப்பன் கேக்காம ஏத்தின வைஃபை டிரைவர். இன்னைக்கும் சென்னியப்பன் கேக்காததால ரெண்டு மணி நேரம் தாமதம். கையெழுத்து, சென்னியப்பன்.”

தமயந்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். எழுத்தைப் பார்க்காதவள், குரலைப் பார்க்கத் தெரிந்தவள்.

“எழுதியிருக்கறதைத்தான் படிச்சீங்க” என்றாள்.

“ஆமாங்க, அம்மிணி.”

“இப்படி ஒரு ஸ்டிக்கரை எந்தக் கடையிலயும் ஒட்ட மாட்டாங்க சார்.”

“இந்தக் கடையில ஒட்டுவோமுங்க” என்றார் சென்னியப்பன். அதைச் சொல்லும்போது அவர் குரல் அவரை அறியாமல் பழையபடி மைதானத்துக் குரலாகிவிட்டது. இந்தத் தடவை அவள் சிரித்தாள்.

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர், அந்தப் பென்டிரைவை இன்னும் ஆறு மெஷினுக்குப் போட்டிருக்கேன். ஆறு பேருக்கும் இப்பவே போன் பண்றேனுங்க. என்ன ஆச்சுன்னு அவங்களே சொல்லட்டும், நான் கேட்டு எழுதிக்கறேன்.”

டீச்சர் எழுந்து வந்தார். ஸ்டிக்கரை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். பேனாவுக்காகக் கையை நீட்டினார். சென்னியப்பன் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

டீச்சர் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூடியை வாங்கிப் போட்டு, பேனாவைச் சென்னியப்பனின் சட்டைப் பையில் செருகினார்.

“ஒட்டுங்ணா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“டீச்சர், கையெழுத்து வேணுமுங்களே?”

“இருக்குதே” என்றார் டீச்சர்.